ஆங்கில எண்ணுப்பெயர்களின் பன்மையாக்கம்: மொழிபெயர்ப்பு நோக்கில்

1. தோற்றுவாய்

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் இந்திய மாணவர் தொடக்க வகுப்புகளிலேயே கற்று முடித்துவிட்டதாகக் கருதும் இலக்கணக் கூறுகளுள் பெயர்ச்சொற் பன்மையும் ஒன்று. ஒருமைச் சொல்லின் இறுதியில் 'எஸ்' என்னும் எழுத்தைச் சேர்க்க வேண்டும். சில சொற்களில் 'இஎஸ்' சேர்க்க வேண்டும். இவற்றுக்கு அடங்காதவற்றை மனப்பாடம் செய்ய வேண்டும். பள்ளி இலக்கண நூல்களில் பெரும்பாலானவை இச்செய்தியைப் பத்துப் பன்னிரண்டு எழுத்து விதிகளாகவும் அவற்றைத் தொடரும் விதிவிலக்குப் பட்டியல்களாகவும் தருகின்றன. பட்டியலை உருப்போட்டவர் 'ஆக்ஸ்' என்பதன் பன்மை 'ஆக்ஸன்' என்று எழுதத் தவறுவதில்லை. ஆனால் அவரே 'டேமேஜ்' என்பதைச் 'சேதம்' என்றும் 'டேமேஜஸ்' என்பதைச் 'சேதங்கள்' என்றும் மொழிபெயர்த்து, ஒரு தீர்ப்பின் பொருளையே மாற்றிவிடக்கூடும். சட்ட வழக்கில் பின்னது 'இழப்பீடு' என்றே பொருள்படும்.

பன்மை வடிவத்தை ஆக்குவது ஒன்று. அவ்வடிவம் என்ன பொருளைக் குறிக்கிறது என்று அறிவது மற்றொன்று. முன்னது ஒலியியலையும் மொழி வரலாற்றையும் சார்ந்தது. பின்னது, உலகப் பொருள்களை ஒரு மொழி எவ்வாறு எண்ணத்தக்கனவாகவும் எண்ணத்தகாதனவாகவும் பகுக்கிறது என்பதைச் சார்ந்தது. பள்ளி இலக்கணம் இரண்டையும் எழுத்து விதிகளுக்குள் அடக்க முயல்வதால் இரண்டுமே தெளிவு பெறாமற் போகின்றன. இக்கட்டுரை முதலில் வடிவத்தையும் பின்னர்ப் பொருளையும் ஆராய்ந்து, மொழிபெயர்ப்பாளர் எங்கே முடிவெடுக்க வேண்டியவராகிறார் என்பதைச் சுட்ட முற்படுகிறது.

2. மூன்று மாற்றுருபுகள்

ஆங்கிலப் பேச்சில் ஒழுங்கான பன்மை உருபு மூன்று வடிவங்களில் வருகிறது. ஒலிப்பிலா ஒலியில் முடியும் சொல்லோடு 'ஸ்' என்னும் ஒலிப்பிலா உரசொலி சேர்கிறது: கப் (கிண்ணம்) – கப்ஸ், புக் – புக்ஸ். ஒலிப்புடைய மெய்யிலோ உயிரிலோ முடியும் சொல்லோடு அதன் ஒலிப்புடைய இணை சேர்கிறது. தமிழ் எழுத்தில் இவ்வொலிக்குத் தனி வடிவம் இல்லாமையால், ஒலிப்பு வேறுபாடு கருதப்படும் இடங்களில் மட்டும் அது 'ஃஜ்' என்று இங்குக் காட்டப்படும்: டப் (தொட்டி) – டப்ஃஜ், பென் – பென்ஃஜ், கீ (திறவுகோல்) – கீஃஜ். சகார, ஷகார இனத்தைச் சேர்ந்த உரசொலிகளிலும் தடையுரசொலிகளிலும் முடியும் சொற்களோடு இடையில் ஓர் உயிர் பெற்ற வடிவம் சேர்கிறது: பஸ் – பஸ்ஸிஃஜ், டிஷ் – டிஷ்ஷிஃஜ், மேட்ச் – மேட்ச்சிஃஜ், பிரிட்ஜ் – பிரிட்ஜிஃஜ்.

இம்மூன்றும் ஒரே உருபனின் மாற்றுருபுகள் என்பதும், அவற்றின் வருகையிடம் முழுவதும் சொல்லிறுதி ஒலியால் தீர்மானிக்கப்படுகிறது என்பதும் அமைப்பு மொழியியலின் பாடநூல் எடுத்துக்காட்டாகவே அமைந்துவிட்டன. ப்ளூம்ஃபீல்டு 1933இல் வெளியிட்ட தம் நூலில் இதனை விளக்கியுள்ளார். ஆங்கிலத்தின் ஆறாம் வேற்றுமை உருபும், நிகழ்கால வினையின் படர்க்கை ஒருமை விகுதியும் இதே மூன்று வடிவங்களை இதே சூழல்களில் ஏற்கின்றன. எனவே இது பன்மைக்கே உரிய விதியன்று. அம்மொழியின் பொதுவான ஒலிப்புணர்ச்சி விதியாகும்.

தமிழ் மாணவருக்கு இதனை விளக்கத் தமிழ்ப் புணர்ச்சியே போதிய துணையாகும். மரம் – மரங்கள், கல் – கற்கள், முள் – முட்கள், பூ – பூக்கள் என்பவற்றில் நிலைமொழியின் இறுதி ஒலியே வடிவத்தை ஆள்கிறது. வேறுபாடு ஒன்று உண்டு. தமிழில் பெரும்பாலும் நிலைமொழியீறு திரிகிறது. ஆங்கிலத்தில் நிலைமொழி திரியாமல் நிற்க, உருபே தன்னை மாற்றிக்கொள்கிறது.

இவ்விதி மனப்பாடத்தால் வருவதன்று என்பதை ஜீன் பெர்கோ 1958இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நான்கு வயது முதல் ஏழு வயது வரையிலான குழந்தைகளிடம் பறவை போன்ற ஓர் உருவம் காட்டப்பட்டு, அதன் பெயர் 'வக்' என்று கூறப்பட்டது. அப்பெயர் எம்மொழியிலும் இல்லாதது, ஆய்வுக்கெனப் புனையப்பட்டது. அத்தகைய இரண்டு உருவங்களைக் காட்டி வினவியபோது 91 விழுக்காட்டினர் ஒலிப்புடைய உருபைச் சேர்த்துச் சரியாக விடையளித்தனர். முன்பின் கேட்டறியாத சொல்லுக்குப் பன்மை கூறியவர் அதனைப் பட்டியலிலிருந்து எடுத்திருக்க இயலாது. ஆயினும் 'டாஸ்' என்னும் புனைசொல்லுக்குச் சரியான விடை தந்தோர் 36 விழுக்காட்டினரே. ஏனையோரிற் பலர் சொல்லை மாற்றாமலேயே விட்டனர். சகர ஒலியில் முடியும் சொல் அவர்கள் செவிக்கு ஏற்கெனவே பன்மையாகப் பட்டிருக்கக்கூடும். அதே குழந்தைகள் தாம் அறிந்த 'கிளாஸ்' என்னும் சொல்லுக்குப் பன்மை கூறுவதில் இடர்ப்படவில்லை. மூன்றாம் மாற்றுருபு கடைசியில் வசப்படுகிறது என்பதே இதனால் பெறப்படும். இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்பிப்போர் இதனை மனங்கொள்ளலாம்.

3. எழுத்து மரபு

ஒலி விதி இவ்வளவு சுருக்கமானதாக இருக்க, எழுத்து விதிகள் ஏன் பெருகின? அவை பன்மை பற்றிய விதிகளாக இராமல், ஆங்கில எழுத்துக்கூட்டல் பற்றிய விதிகளாக இருப்பதே காரணம். 'சிட்டி' என்பதன் பன்மையில் 'வை' என்னும் எழுத்து நீங்கி 'ஐஇஎஸ்' வருவது ஒலியில் எந்த மாற்றத்தையும் குறிப்பதில்லை. இத்தகைய சொற்களின் ஒருமையையே 'ஐஇ' இட்டு எழுதும் வழக்கம் முற்காலத்தில் இருந்தது. ஒருமையில் அது மறைந்தது, பன்மையில் நிலைத்துவிட்டது. 'பொட்டேட்டோ' பன்மையில் 'இஎஸ்' பெறுவதும், 'பியானோ' வெறும் 'எஸ்' பெறுவதும் இத்தகையனவே. இரண்டின் ஒலிப்பும் ஒன்றே.

இதற்கு மறுதலையாக, எழுத்து மறைத்துவிடும் ஒலி மாற்றங்களும் உண்டு. 'ஹவுஸ்' (வீடு) என்பதன் ஒருமையீறு ஒலிப்பிலாதது. பன்மையில் அவ்வீறே ஒலிப்புடையதாகி 'ஹவுஃஜிஃஜ்' என வருகிறது. எழுத்தில் இதற்கு அடையாளமே இல்லை. 'உல்ஃப்' (ஓநாய்) – 'உல்வ்ஸ்', 'நைஃப்' (கத்தி) – 'நைவ்ஸ்' என்பவற்றில் இதே மாற்றம் எழுத்திலும் காட்டப்படுவதால் அவை விதிவிலக்குப் பட்டியலில் இடம்பெற்றன. 'ஹவுஸ்' ஒழுங்கான சொல்லாகக் கருதப்பட்டுவிட்டது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. பழைய ஆங்கிலத்தில் உரசொலிகள் உயிர்களுக்கிடையிலும் ஒலிப்புடைய சூழலிலும் ஒலிப்புடையனவாக ஒலித்தன. பன்மையீறு உயிரோடு தொடங்கியதால் இச்சூழல் பன்மையில் வாய்த்தது, ஒருமையில் வாய்க்கவில்லை. 'சீஃப்', 'புரூஃப்' போலப் பின்னாளில் பிரெஞ்சிலிருந்து வந்த சொற்கள் இம்மாற்றத்தை ஏற்காமைக்கும் இதுவே விளக்கம். 'ட்வார்ஃப்' (குள்ளர்) என்னும் சொல்லுக்கு அகராதி வழக்கான 'ட்வார்ஃப்ஸ்' இருக்க, 1937இல் வெளிவந்த 'ஹாபிட்' என்னும் கதையில் டோல்கீன் 'ட்வார்வ்ஸ்' என்று எழுதினார். அவர் தொழிலால் மொழிநூற் பேராசிரியர் என்பது நினைக்கத்தக்கது. அவ்வடிவம் இன்று பரவலாகிவிட்டது.

4. விதிவிலக்குகள் எனப்படுவன

பழைய ஆங்கிலத்தில், அதாவது ஏறத்தாழ 1100 வரையிலான காலத்தில், பன்மைக்குப் பொது உருபு என ஒன்று இல்லை. பெயர்ச்சொற்கள் பாலுக்கும் ஈற்றுக்கும் ஏற்பப் பல வாய்பாடுகளில் அடங்கின. கல்லைக் குறித்த 'ஸ்டான்' பன்மையில் 'ஸ்டானஸ்' ஆயிற்று. எருதைக் குறித்த 'ஒக்ஸா' 'ஒக்ஸன்' ஆயிற்று. கப்பலைக் குறித்த 'ஷிப்' 'ஷிபு' ஆயிற்று. 'வோர்ட்' (சொல்) ஒருமையிலும் பன்மையிலும் மாறாது நின்றது. குழந்தையைக் குறித்த 'சில்ட்' என்பதற்குச் 'சில்ட்ரு' என்னும் பன்மையும் இருந்தது. 'ஃபோட்' (பாதம்) 'ஃபேட்' எனத் தன் உயிரையே மாற்றிக்கொண்டது. இன்று விதிவிலக்குகள் எனப்படுவன அன்று விதிகளே. இன்று விதியாக இருப்பது அன்று பல வாய்பாடுகளுள் ஒன்று.

அவ்வொன்று ஏனையவற்றை வென்றது எவ்வாறு? சொல்லிறுதி உயிர்கள் நலிந்து மறைந்தபோது, உயிரை மட்டுமே பன்மைக் குறியாகக் கொண்ட வாய்பாடுகள் குறியிழந்தன. மெய்யோடு கூடிய 'அஸ்', 'அன்' என்பன 'எஸ்', 'என்' என நலிந்தும் தெளிவாகக் கேட்டன. இடைக்கால ஆங்கிலத்தில் வடபகுதியிலும் நடுப்பகுதியிலும் முன்னதும், தென்பகுதியில் பின்னதும் பரவின. கண்ணுக்கு 'ஐயென்', காலணிக்கு 'ஷூன்' என்னும் பன்மைகள் தெற்கில் வழங்கின. பிரெஞ்சுப் பன்மையும் சகர ஈறு உடையதாகையால் அதன் தாக்கமே வெற்றிக்குக் காரணம் என்று கூறுவாரும் உளர். பிரெஞ்சுத் தாக்கம் குறைவாக இருந்த வடபகுதியிலேயே இப்பரவல் முந்தித் தொடங்கியது என்பதை நோக்க, அத்தாக்கம் துணைக்காரணமாக மட்டும் இருந்திருக்கலாம் எனக் கொள்வதே பொருந்தும்.

இரு வாய்பாடுகளும் எதிரெதிர் நின்ற நிலையைக் காக்ஸ்டன் ஒரு நிகழ்ச்சியால் விளக்கியுள்ளார். இங்கிலாந்தில் முதன்முதலில் அச்சுத்தொழிலை நிறுவிய அவர், 1490இல் தாம் மொழிபெயர்த்து அச்சிட்ட 'எனெய்டோஸ்' நூலின் முன்னுரையில் இதனைக் கூறுகிறார். தேம்சு ஆற்றிலிருந்து கடல் கடக்கப் புறப்பட்ட வணிகர் சிலர் காற்றின்மையால் தங்க நேர்ந்தது. அவருள் ஒருவர் ஒரு வீட்டுப் பெண்ணிடம் 'எக்ஸ்' (முட்டைகள்) வேண்டுமெனக் கேட்டார். தமக்குப் பிரெஞ்சு தெரியாது என்றாள் அவள். வணிகருக்குச் சினம் மூண்டது. அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. மற்றொருவர் 'ஐரென்' என்று கேட்ட பின்னரே அவளுக்கு விளங்கிற்று. முன்னது நார்சு மொழியிலிருந்து வடபகுதியில் புகுந்து சகர ஈறு ஏற்ற சொல். பின்னது தென்பகுதியின் பழஞ்சொல். மொழிபெயர்ப்பாளர் இவற்றுள் எதனை எழுதுவது என்பதே காக்ஸ்டனின் கவலை. ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தும் வட்டார வழக்குகளுக்கிடையே சொல் தேரும் மொழிபெயர்ப்பாளருக்கு அது புதிய கவலையன்று.

அந்த 'ஐரென்' என்னும் வடிவம் ஆராயத்தக்கது. முட்டைக்குப் பழைய பன்மையீறு ரகரம் உடையது. அது பன்மைக்குறி என்னும் உணர்வு மங்கியபோது அதன்மேல் 'என்' என்னும் இரண்டாம் ஈறு ஏறியது. 'சில்ட்ரன்' (குழந்தைகள்) என்பதும் இவ்வாறு பிறந்த இரட்டைப் பன்மையே. இதில் ரகரமும் பன்மை, அதன்பின் வரும் னகர ஈறும் பன்மை. தமிழில் 'அரசர்கள்', 'ஆசிரியர்கள்' என்பவற்றின் அமைப்பு இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. தொல்காப்பியர் 'கள்' ஈற்றை அஃறிணைப் பெயர்க்கே கூறினார். திருக்குறளில் 'பூரியர்கள்', 'மற்றையவர்கள்' என உயர்திணைப் பலர்பால் ஈற்றின்மேல் அது ஏறிவிட்டது. விளைவு ஒன்றாயினும் காரணம் வேறு. ஆங்கிலத்தில் பழைய ஈறு ஒலியில் தேய்ந்து அடையாளம் இழந்தது. தமிழில் 'அர்' ஈறு தேயவில்லை. அது ஒருவரைச் சிறப்பித்துக் கூறவும் பயன்பட்டதால், பன்மையை ஐயமறக் காட்ட வேறோர் ஈறு தேவைப்பட்டது. 'ஆக்ஸன்' மட்டுமே பழைய னகர வாய்பாட்டின் நேர்வழி எச்சம். 'சில்ட்ரன்', 'பிரெத்ரன்' இரண்டும் அவ்வீற்றைப் பின்னர்ப் பெற்றவை.

உயிர் மாறும் சொற்கள் வேறொரு வரலாற்றைச் சொல்லுகின்றன. 'ஃபோட்' என்பதன் பன்மை, செர்மானிய மூல நிலையில் 'ஃபோட்டிஃஜ்' என்றாற்போல இகரம் பெற்றிருந்தது. அவ்விகரம் முன்னசையின் ஓகாரத்தை முன்னுயிராக்கியது. பின்னர்த் தான் மறைந்தது. விளைந்தது 'ஃபேட்'. பிற்காலத்து நெட்டுயிர்ப் பெயர்ச்சியில் ஓகாரம் ஊகாரமாகவும் ஏகாரம் ஈகாரமாகவும் உயர, ஒருமை 'ஃபூட்' ஆகிப் பின் குறுகி 'ஃபுட்' ஆயிற்று. பன்மை 'ஃபீட்' ஆயிற்று. பின்னசை உயிர் முன்னசை உயிரை மாற்றுவது தமிழருக்குப் புதிதன்று. பேச்சில் 'இலை' 'எலை' ஆவதும், 'உடம்பு' 'ஒடம்பு' ஆவதும் இவ்வகையினவே. அங்கு மாற்றம் இலக்கணப் பொருள் எதனையும் சுமக்கவில்லை என்பதே வேறுபாடு.

இவ்வகையில் இன்று எஞ்சியவை ஆண், பெண், பாதம், பல், வாத்து, பேன், எலி ஆகிய ஏழு பொருள்களைக் குறிக்கும் சொற்களே. வீட்டிலும் வயலிலும் நாள்தோறும் வழங்கியமையால் அவை ஒப்புமையாக்கத்துக்கு ஆட்படாமல் தப்பின. 'புக்' தப்பவில்லை. அதன் பழைய பன்மை நிலைத்திருப்பின் இன்று நூல்களைப் 'பீச்' என்று அழைக்க வேண்டியிருந்திருக்கும். 'கூஸ்' (வாத்து) – 'கீஸ்' என்பதைக் கற்ற மாணவர் 'மாங்கூஸ்' (கீரி) என்பதற்கு 'மாங்கீஸ்' என எழுதுவதுண்டு. அது மராத்தியிலிருந்து ஆங்கிலம் ஏற்ற சொல். செர்மானிய உயிர்மாற்றத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. தமிழிலிருந்து சென்ற 'கட்டமரான்', 'செரூட்' (சுருட்டு) ஆகியனவும் ஒழுங்கான உருபையே ஏற்றன. ஒரு மொழியின் உயிருள்ள விதி எது என்பதைப் புதிதாக வந்த சொற்களே காட்டும்.

5. அயற்பன்மைகள்

இலத்தீன், கிரேக்கச் சொற்கள் தம் பன்மையையும் உடன்கொண்டு வந்தன. 'கிரைட்டீரியன்' – 'கிரைட்டீரியா', 'ஃபினாமினன்' – 'ஃபினாமினா' என்பன இன்றும் அவ்வாறே வழங்குகின்றன. 'அஜெண்டா' இலத்தீனில் பன்மை. ஆங்கிலத்தில் ஒருமையாகி 'அஜெண்டாஸ்' என்னும் பன்மையையும் பெற்றுவிட்டது. 'டேட்டா' அதே வழியில் பாதி தூரம் சென்றுள்ளது. 'ஆக்டோபஸ்' கிரேக்க மூலம் உடையது; அதற்கு இலத்தீன் ஈற்றைச் சேர்த்து 'ஆக்டோபை' என்பது புலமை காட்ட விழைந்து நேர்ந்த பிழை.

மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டுவன இரு பன்மை பெற்ற சொற்கள். 'ஆன்டெனா' பூச்சியின் உணர்கொம்பாயின் 'ஆன்டெனே' என்றும், வானொலி அலைவாங்கியாயின் 'ஆன்டெனாஸ்' என்றும் பன்மை பெறும். 'இன்டெக்ஸ்' நூலின் சொல்லடைவாயின் 'இன்டெக்ஸஸ்'; கணிதத்தில் அடுக்கெண்ணாயின் 'இன்டிசஸ்'. இங்கே பன்மை வடிவமே துறையைச் சுட்டிவிடுகிறது.

தமிழ் இதன் மறுபக்கத்தைக் காட்டும். 'பீன்ஸ்', 'சிப்ஸ்' ஆகிய ஆங்கிலப் பன்மைகள் தமிழில் ஒருமையாகவே புகுந்துள்ளன. 'அரைக்கிலோ பீன்ஸ்' என்பவர் அதனைப் பன்மை என எண்ணுவதில்லை. இதனைக் கல்லாமையின் விளைவாகக் கொள்வதற்கில்லை. ஆங்கிலமே இவ்வாறு செய்துள்ளது, திசைதான் வேறு. பட்டாணியைக் குறித்த பழஞ்சொல் 'பீஸ்' ஒருமையாகவே இருந்தது. அதன் சகர ஈற்றைப் பன்மையுருபு என மயங்கி, அதனை நீக்கிப் 'பீ' என்னும் ஒருமையை ஆங்கிலேயர் படைத்துக்கொண்டனர். 'செரி' என்னும் பழப்பெயரும் வடபிரெஞ்சின் 'செரீஸ்' என்னும் ஒருமையிலிருந்து இவ்வாறு வந்ததே.

6. எண்ணப்படுவன, எண்ணப்படாதன

இதுகாறும் கூறியவை எண்ணத்தக்க பெயர்களுக்கு உரியவை. எவை எண்ணத்தக்கவை என்பதைப் பொருளின் இயல்பு மட்டும் முடிவுசெய்வதில்லை. நாற்காலியை எண்ணலாம், மேசையை எண்ணலாம். இரண்டையும் அடக்கிய 'ஃபர்னிச்சர்' என்பதை ஆங்கிலத்தில் எண்ணலாகாது. 'இன்ஃபர்மேஷன்', 'எக்விப்மெண்ட்', 'லக்கேஜ்' ஆகியனவும் அத்தகையன. இந்திய ஆங்கிலத்தில் 'ஃபர்னிச்சர்ஸ்', 'எக்விப்மெண்ட்ஸ்' என்று எழுதுவது பரவலாகக் காணப்படுகிறது. 'தளவாடங்கள்', 'கருவிகள்', 'செய்திகள்' எனத் தாய்மொழியில் தடையின்றி எண்ணுவோருக்கு இவ்வரையறை காரணமற்றதாகத் தோன்றுவது இயல்பே. நெல்லரிசியைக் குறிக்கும் 'ரைஸ்' எண்ணாப்பெயர், பயற்றைக் குறிக்கும் 'லென்டில்' எண்ணுப்பெயர் என்பதற்கு அவற்றின் அளவில் காரணம் தேடிப் பயனில்லை.

வடிவில் பன்மையாகவும் பொருளில் ஒன்றாகவும் உள்ளன ஒரு வகை. கத்தரிக்கோல், கால்சட்டை, மூக்குக்கண்ணாடி ஆகிய மூன்றும் ஆங்கிலத்தில் எப்போதும் பன்மை. எண்ணும்போது 'பேர்' (இணை) என்னும் சொல் முன்வரும். 'இரண்டு இணை கால்சட்டை' எனத் தமிழில் எழுதினால் அது நான்கோ என மயங்க இடமாகும். 'இரண்டு கால்சட்டை' என்பதே மொழிபெயர்ப்பு. 'நியூஸ்', 'மேத்தமேட்டிக்ஸ்', 'மீஸல்ஸ்' (தட்டம்மை) என்பன சகர ஈறு பெற்றும் ஒருமை வினையே கொள்ளும்.

பன்மையில் பொருள் வேறுபடுவன மற்றொரு வகை. இவையே மொழிபெயர்ப்பில் மிகுந்த தீங்கு விளைவிப்பன. 'கஸ்டம்' வழக்கம், 'கஸ்டம்ஸ்' வழக்கங்களும் ஆகலாம், சுங்கமும் ஆகலாம். 'ஆர்ம்' கை, 'ஆர்ம்ஸ்' கைகளாகவோ படைக்கலமாகவோ இருக்கும். 'மினிட்' நிமிடம், 'மினிட்ஸ்' கூட்ட நடவடிக்கைக் குறிப்பும் ஆகும். 'கிரவுண்ட்ஸ்' வழக்காவணத்தில் நிலத்தைக் குறிக்காது, முறையீட்டுக்கான காரணங்களைக் குறிக்கும். 'வாட்டர்' எண்ணாப்பெயர்; ஒரு நாட்டின் 'வாட்டர்ஸ்' அதன் கடற்பரப்பு. இவற்றைப் பன்மை என்று கொள்ளாமல் தனிச்சொல் என்று கொள்வதே அகராதிக்கலைக்கும் மொழிபெயர்ப்புக்கும் ஏற்றது. நல்ல ஆங்கில அகராதிகள் இவற்றைத் தனிப்பதிவாகவோ ஒருமைப் பதிவினுள் தனிப்பொருளாகவோ தருகின்றன. இருமொழி அகராதிகள் பலவற்றில் இவ்வேறுபாடு போதிய இடம் பெறவில்லை.

7. மொழிபெயர்ப்பில் எண்

ஆங்கில எண்ணுப்பெயர் ஒருமை, பன்மை என்னும் இரண்டனுள் ஒன்றை ஏற்றே ஆக வேண்டும். 'மரம் வெட்டினார்கள்' என்னும் தமிழ்த் தொடர் ஒரு மரத்தையா பல மரங்களையா சுட்டுகிறது எனக் கூற வேண்டிய கட்டாயம் தமிழுக்கு இல்லை. இத்தொடரை ஆங்கிலமாக்குவோர் அக்கட்டாயத்துக்கு உள்ளாகிறார். மூலம் சொல்லாத ஒன்றை அவர் சொல்லியாக வேண்டும். சிறுகதையில் 'பூ வாங்கி வந்தாள்' என்பதற்கு ஒற்றைப் பூவா, சரமா, உதிரியா என்பதைச் சூழலும் வழக்காறும் அறிந்தவரே முடிவுசெய்ய இயலும். அஃறிணையில் 'கள்' ஈறு விருப்பத்தின்பாற்பட்டது. உயர்திணையில் பன்மை காட்டுவது ஏறத்தாழக் கட்டாயமானது. 'மூன்று மாடு வந்தது' என்பது பேச்சில் இயல்பு; 'மூன்று ஆசிரியர் வந்தான்' என்பது இயலாது. ஆங்கிலத்தில் திணை வேறுபாடு இவ்விடத்தில் செயற்படுவதில்லை.

ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவோர் செய்யும் பிழை இதற்கு எதிரானது. பன்மையுருபு கண்ட இடமெல்லாம் 'கள்' இடப்படுகிறது. யானைகள் பாலூட்டிகள் என ஆங்கிலம் பன்மையால் இனத்தைச் சுட்டுமிடத்தில் 'யானை ஒரு பாலூட்டி' என்பதே தமிழ் நடை. விபத்தில் மாண்டவரைப் பற்றி ஆங்கிலம் 'லைவ்ஸ்' எனப் பன்மையில் கூறும். ஆளுக்கோர் உயிர் எனப் பகிர்ந்து நிற்கும் பன்மை அது. தமிழில் 'பதின்மர் உயிரிழந்தனர்' எனலே முறை. 'உயிர்களை இழந்தனர்' என்றால் ஒருவருக்குப் பல உயிர் இருந்தது போலாகிறது. ஆங்கிலத்தில் ஒன்று அல்லாத எண் எல்லாம் பன்மை ஏற்கும். சுழியும், ஒன்றரையும் அவ்வாறே. தமிழில் 'ஒன்றரை மணிகள்' என எழுதுவார் இலர்.

ஆங்கிலமே சில இடங்களில் தமிழ் போல ஒருமை கொள்ளும். ஐந்தாண்டுத் திட்டம் என்பதன் ஆங்கிலத் தொடரில் 'இயர்' பன்மையுருபு ஏற்பதில்லை. 'ஆறு ஃபுட் உயரம்' என்னும் வழக்கில் உள்ள 'ஃபுட்' பார்வைக்கு ஒருமையாயினும், பழைய ஆங்கிலத்து ஆறாம் வேற்றுமைப் பன்மையான 'ஃபோட்டா' என்பதன் தேய்வு. எண்ணுக்குப் பின் அவ்வேற்றுமை வருவது அக்கால மரபு. செம்மறியைக் குறிக்கும் 'ஷீப்' முன்னர்க் கூறிய 'வோர்ட்' வகையைச் சேர்ந்தது. 'ஃபிஷ்' பொதுவாக இருமைக்கும் ஒன்றே. உயிரியலார் 'ஃபிஷஸ்' என எழுதினால் பல மீன்களைக் காட்டிலும் பல மீனினங்களையே கருதுகின்றனர் எனக் கொள்ள வேண்டும்.

சட்ட மொழிபெயர்ப்பில் எண் பற்றிய கவலையைச் சட்டமே ஓரளவு தீர்த்துள்ளது. இந்தியாவின் 1897ஆம் ஆண்டுப் பொது வகையுரைகள் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பொருளுக்கோ சூழலுக்கோ முரணாகாதவிடத்து ஒருமைச் சொல் பன்மையையும் பன்மைச் சொல் ஒருமையையும் அடக்கும் என்கிறது. ஆகவே மத்தியச் சட்டங்களைத் தமிழாக்குவோர் 'நபர் அல்லது நபர்கள்' என மூலத்தில் இல்லாத விரிவைச் சேர்க்கத் தேவையில்லை. ஆனால் இப்பிரிவு 'டேமேஜ்', 'டேமேஜஸ்' போன்ற சொல் வேறுபாட்டுக்குப் பொருந்தாது.

உலக ஆவணங்களில் ஒரு சகர ஈறே பல ஆண்டு வழக்குக்கு உரியதாயிற்று. 'பீப்பிள்' என்பது மாந்தர் பலரைக் குறிக்கும் பன்மை. அதுவே ஒரு மக்களினத்தைக் குறிக்கும் ஒருமையுமாகும். பின்னைய பொருளில் அது 'பீப்பிள்ஸ்' எனப் பன்மை ஏற்கும். பல மக்களினங்கள் என ஏற்றுக்கொண்டால் தன்னாட்சியுரிமையும் உடன்வருமோ என அரசுகள் அஞ்சின. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1957இல் நிறைவேற்றிய 107ஆம் உடன்படிக்கையின் தலைப்பில் பழங்குடியினர் 'பாப்புலேஷன்ஸ்' என்றே சுட்டப்பட்டனர். 1989இல் அதனைத் திருத்தியமைத்த 169ஆம் உடன்படிக்கையில் 'பீப்பிள்ஸ்' இடம்பெற்றது. எனினும் அச்சொல்லுக்குப் பன்னாட்டுச் சட்டத்தில் உள்ள உரிமைகள் இதனால் குறிக்கப்படவில்லை என்னும் விளக்கமும் முதற் பிரிவிலேயே சேர்க்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் அவை 1993ஐ உலகப் பழங்குடியினர் ஆண்டாக அறிவித்தபோது தலைப்பில் ஈறற்ற 'பீப்பிள்' நின்றது. 2007இல் நிறைவேறிய உரிமைப் பேருரையில் 'பீப்பிள்ஸ்' வந்தது. இந்தியா 107ஆம் உடன்படிக்கையை 1958இல் ஏற்புறுதி செய்தது. 169ஆம் உடன்படிக்கையை ஏற்புறுதி செய்யவில்லை.

இவ்வாவணங்களைத் தமிழாக்குவோர் எல்லாவற்றிலும் 'பழங்குடி மக்கள்' என்றே எழுதிச் செல்வாராயின், 1957க்கும் 2007க்கும் இடையே நடந்த வழக்கின் சுவடே தமிழில் இராது. 'மக்கள்' என்னும் சொல்லிலேயே 'கள்' உள்ளமையால் 'மக்கள்கள்' என மீண்டும் பன்மையாக்க இயலாது. இரட்டைப் பன்மைக்கு இடந்தந்த தமிழும் இவ்விடத்தில் இடந்தருவதில்லை. 1957ஆம் ஆண்டு ஆவணத்துக்குப் 'பழங்குடி மக்கள்தொகுதியினர்' என்றும், 1993ஆம் ஆண்டுத் தலைப்புக்குப் 'பழங்குடி மக்கள்' என்றும், 1989, 2007 ஆவணங்களுக்குப் 'பழங்குடி மக்களினங்கள்' என்றும் எழுதின் வேறுபாடு காக்கப்படும்.